யார் தொகுத்தார்கள்? பார்ட் டூ இங்கிலீஷும் சேரிப் பிள்ளைகளும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, வரலாறு எடுத்தாலும் வணிகவியல் எடுத்தாலும் வேதியியல் எடுத்தாலும் சரி, பார்ட் ஒன் தமிழையும் பார்ட் டூ இங்கிலீஷையும் தாண்டித்தான் பட்டம் வாங்க முடியும். தமிழில் தோற்றவர்களைவிட இங்கிலீஷில் தோற்றவர்களே அதிகம் என்பது நம் தெருக்களுக்கு நன்றாகத் தெரியும். அரியர் வைத்து அரியர் வைத்து, கடைசியில் விசைத்தறிக்கோ திருப்பூருக்கோ போன பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். 'இங்கிலீஷ் வரல, விட்டுட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். என்ன இங்கிலீஷ் வரவில்லை, யாருடைய வாழ்க்கையைச் சொல்லும் இங்கிலீஷ் வரவில்லை என்று நாம் கேட்டதே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை. ஆங்கிலேயர், அயர்லாந்துக்காரர் வாழ்க்கையைக் கொண்டாடும் கவிதைத் தொகுப்புகளும் கதைகளும் நாவல்களும் நம்முடைய பாடப்புத்தகம் ஆனது எப்படி? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாம் வெளியே நிறுத்தப்பட்ட வரலாறும் அதற்குள்தான் இருக்கிறது.

1835 பிப்ரவரியில் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் தோன்றி அங்கிருந்து நமக்கு வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனித்துறை வந்தது 1890களில்தான். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தியாவில் அது பாடமாகிவிட்டது. ஆள்வதற்குத் துணைநிற்கும் ஒரு வர்க்கத்தை உருவாக்கும் கருவியாகவே அது இங்கே முதலில் பயன்பட்டது என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார்.

1861இல் லண்டனில் மேக்மில்லன் நிறுவனம் ஒரு கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தவர் பால்கிரேவ். பெயர் 'கோல்டன் டிரெஷரி', நம் பேச்சில் பொற்களஞ்சியம். ஆங்கில மொழியின் மிகச்சிறந்த பாடல்கள் இவைதான் என்று அட்டையிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்த புத்தகம் அது. தொகுத்தவர் பிரிட்டிஷ் அரசின் கல்வித்துறை அதிகாரி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆங்கிலக் கவிதை என்றால் இந்தப் புத்தகமும் இதன் வழிவந்த தொகுப்புகளும்தான்.

அந்த வகுப்பறைகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பெரும்பாலும் பிராமணர்களும் வேளாளர், முதலியார் போன்ற மேல்தட்டுச் சாதியினரும்தான். பஞ்சமர் கல்விக்கென்று சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது 1893இல். ஆல்காட்டின் முதல் பஞ்சமர் பள்ளி தொடங்கியது 1894இல். பொற்களஞ்சியம் வெளிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் நம் பிள்ளைகளுக்கு அ, ஆவே கிடைக்கத் தொடங்கியது. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது 1924இல். பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெருவிலேயே நடக்க முடியாதவன் ஆங்கில நாட்டுப்புறத்தின் அழகைப் பற்றிப் பரீட்சை எழுதுவது எப்படி?

சரி, அந்தக் களஞ்சியத்துக்குள் என்ன இருக்கிறது? தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பா இருக்கிறது. ஊர்ப்புறத்து மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் நின்று, அங்கே புதைந்து கிடக்கும் ஏழை உழவர்களை நினைத்துப் பாடிய கவிதை. படிப்பு கிடைத்திருந்தால் இவர்களில் ஒருவர் மில்டன் ஆகியிருக்கலாம், இன்னொருவர் நாடாண்டிருக்கலாம் என்று கவிஞர் வருந்துகிறார். வருந்திவிட்டு, வறுமை இவர்களைப் பெரிய பாவங்களிலிருந்தும் காப்பாற்றியது என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். இந்தச் சமாதானம் நமக்குப் பழக்கமான சமாதானம்தான். 'உங்களுக்கெல்லாம் கவலையே கிடையாது, நிம்மதியா இருக்கீக' என்று வரப்பில் நின்று சொல்லும் குரல் அது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிரேயின் ஏழைக்குக் கல்லறையாவது இருந்தது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும் பாதைக்கே நம் ஊர்களில் தாசில்தாரிடம் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தக் கவிதையை நம் பிள்ளை படித்தால், எந்த வாத்தியாரையும்விட அதிகமாக அவனுக்கு அது புரியும். நோட்ஸில் இருக்கும் விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னதால்தான் அது அவனைத் தொடாமல் போயிற்று.

பொற்களஞ்சியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டீபன் டக் என்று ஒரு கதிரடிக்கும் கூலித்தொழிலாளி இருந்தார். களத்தில் நாள் முழுக்கக் கதிரடிக்கும் வேலையின் வலியை அவர் 1730இல் கவிதையாக்கினார். அந்தக் கவிதையில் பெண்களின் உழைப்பைக் கேலி செய்திருந்தார். 1739இல் அதற்கு ஒரு பெண் பதில் எழுதினார். பெயர் மேரி காலியர். துணி வெளுத்துப் பிழைத்தவர். ஆண் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கிறான், பெண் வயலில் வேலை பார்த்துவிட்டு வீட்டிலும் வேலை பார்க்கிறாள், விடிவதற்கு முன்னே சீமாட்டி வீட்டுக்குத் துணி வெளுக்க ஓடுகிறாள் என்று எழுதினார். கை ரத்தம் கசியக் கசிய வெளுத்த பெண்ணின் கவிதை அது.

டக்கும் இல்லை, காலியரும் இல்லை பால்கிரேவின் தொகுப்பில். கதிரடித்தவனும் துணி வெளுத்தவளும் இங்கிலாந்திலேயே வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்றால், நமக்கு இங்கே சொல்லித்தந்தது எந்த இங்கிலாந்து? பண்ணையாரின் ஜன்னலிலிருந்து தெரிந்த இங்கிலாந்து. 1783இல் ஜார்ஜ் கிராப் என்ற கவிஞர், ஆட்டிடையர்கள் குழலூதும் இன்பக் கிராமம் என்பதெல்லாம் பொய், இங்கே இருப்பது பசியும் நோயும்தான் என்று எழுதிவிட்டார். அந்தச் சண்டையைப் பற்றி நம் வகுப்பறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

நாவலுக்கு வருவோம். பொற்களஞ்சியம் வந்த அதே 1861இல்தான் ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' வந்தது. சுருக்கிய பதிப்பாக நான்-டீட்டெயிலில் வந்து போன நாவல்களில் அதுவும் ஒன்று. கதாநாயகன் யார்? தறி நெய்கிறவன். வெளியூரிலிருந்து வந்து தனியாகக் குடியிருக்கும் நெசவாளியை ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அவன் கைத்தொழிலையே ஏதோ மாயமந்திரம் மாதிரி பயப்படுகிறார்கள். சங்கரன்கோவிலும் புளியங்குடியும் தறிச்சத்தத்தில் எழுந்து தறிச்சத்தத்தில் தூங்கும் ஊர்கள். பறையர்களிலேயே நெசவு செய்த கோலியர் என்ற பிரிவு இருந்திருக்கிறது. தறிக்குழியில் கால் வைத்த அப்பனுக்குப் பிறந்த பிள்ளையிடம் இந்த நாவலைக் கொடுத்து, 'அன்பு பொன்னைவிட உயர்ந்தது என்பதை விளக்குக' என்று மட்டும் கேள்வி கேட்டது நம் கல்வி. அந்த நெசவாளிக்கு என்ன கூலி கிடைத்தது, ஊர் ஏன் அவனை ஒதுக்கியது, உன் ஊரில் நெசவாளிக்கு என்ன மரியாதை என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை பத்துப் பக்கம் எழுதியிருப்பான்.

இப்போது அயர்லாந்து. ஆலிவர் கோல்ட்ஸ்மித் அயர்லாந்தில் பிறந்தவர். அவருடைய 'வேக்ஃபீல்டு பாதிரியார்' 1766இல் வந்த நாவல். ஒரு நல்ல பாதிரியார் குடும்பம் கஷ்டப்பட்டு, மீண்டும் நல்ல நிலைக்கு வரும் கதை. இதை வைத்துத்தான் கந்துகூரி வீரேசலிங்கம் தெலுங்கில் 'ராஜசேகர சரித்திரமு' எழுதினார். 1880இல் அது புத்தகமாக வந்தது. ஆங்கிலப் பாதிரியார் குடும்பம் இங்கே பிராமணக் குடும்பமாக மாறியது. இந்த மாற்றம் ரொம்ப இயல்பாக நடந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆங்கில நாவலின் நல்ல குடும்பம் எது என்று கேட்டால், வாசித்தவர்களுக்குத் தங்கள் தெருதான் கண்ணுக்குத் தெரிந்தது. சேரியைக் கதையின் நடுவில் வைக்க அந்த அச்சில் இடமில்லை.

தமிழிலும் அதே காலத்தில் அதே ஓட்டம்தான். 1891இல் வந்த 'மனோன்மணீயம்' நாடகம், லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியது. ஒரு தொகுப்பில் வந்த கதைப்பாடல் அது. அந்த நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளையின் பெயரில்தான் 1990இல் தொடங்கிய நம் நெல்லைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தழுவியதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. மேல்தட்டு எடுத்துக்கொண்டால் தழுவல், இலக்கியம், மறுமலர்ச்சி. நம் பிள்ளை பார்த்து எழுதினால் மட்டும் 'இதுகளுக்கு இங்கிலீஷ் எங்க வரப்போகுது' என்ற பேச்சு. அதைத்தான் சொல்கிறேன்.

கோல்ட்ஸ்மித்தே 1770இல் 'பாழடைந்த கிராமம்' என்ற நெடுங்கவிதையை எழுதினார். நிலத்தைப் பணக்காரன் வளைத்துக்கொள்ள, குடியானவர்கள் ஊரை விட்டுக் கப்பலேறிப் போன கதை. இது நம்முடைய கதை இல்லையா? கொத்தடிமையாகக் கிடந்த எத்தனை குடும்பங்கள் இதே நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே நாட்டை உருவாக்கிய அவர்களின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். செங்கல்பட்டில் டிரெமென்ஹீர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலமும் பிறகு யார் யார் கைக்கோ போனது. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் போராடியபோது போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். 'பாழடைந்த கிராமம்' பாடம் நடத்தும் ஆசிரியர் பஞ்சமி நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வகுப்பறையே வேறு மாதிரி ஆகிவிடும்.

அயர்லாந்து அடிமைப்பட்ட நாடு. ஆனால் அங்கேயும் தொகுத்தவர் யார் என்ற கேள்வி உண்டு. 1888இல் யேட்ஸ் அயர்லாந்து உழவர்களின் கதைகளைத் தொகுத்தார். அவரோடு நின்ற சீமாட்டி கிரெகரி நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர். கதை சொன்னது குடிசை, புத்தகத்தில் பெயர் போட்டது மாளிகை. 1907இல் டப்ளின் அபே அரங்கில் சிஞ்ச் எழுதிய நாடகம் நடந்தபோது, அயர்லாந்து வாழ்க்கையைக் கேவலப்படுத்திவிட்டான் என்று தேசியவாதிகள் கலவரம் செய்தார்கள். 1912இல் ஜாய்ஸின் 'டப்ளின்வாசிகள்' கதைத்தொகுப்பின் அச்சிட்ட தாள்களை அச்சகத்தாரே அழித்தார். இரண்டு வருஷம் கழித்துத்தான் அது லண்டனில் வெளிவந்தது. 'நம் வாழ்க்கையைக் கொண்டாடு, உள்ளதைச் சொல்லாதே' என்று சொல்லும் கூட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. 'கருக்கு' வந்த புதிதில் பாமாவால் சொந்த ஊருக்கே சில மாதங்கள் போக முடியவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தொகுப்பவர் கைக்குப் போனால் கதை என்ன ஆகும் என்பதற்கு நெல்லை மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பாபநாசம் மலையடிவாரத்து முத்துப்பட்டன் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாட்டுக்காகச் சண்டையிட்டுச் செத்தான். பிற்காலத்தில் அந்தக் கதையில் ஒரு ஒட்டுப் போட்டார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தான் என்று மாற்றினார்கள். நா. வானமாமலை அதைப் பதிப்பித்தபோது இந்த ஒட்டு வேலையை எடுத்துக் காட்டினார். சக்கிலியப் பெண்ணைப் பாப்பான் விரும்பினான் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கதையை அழிக்க முடியாததால் பிறப்பை மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு சாட்சி கால்டுவெல். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, இடையன்குடியில் வாழ்ந்தவர். சாணார்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய நூலை அந்த மக்களே கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயம். அதே கால்டுவெல் தன் திராவிட ஒப்பிலக்கணத்தில், பறையர்கள் திராவிடர்களா என்று ஒரு பின்னிணைப்பு எழுதி, ஆம், திராவிடர்களே என்று நிறுவினார். அவர் இறந்தபின் 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது இல்லை. திராவிடம் பேசிய நூற்றாண்டு முழுவதும் நம் கையில் இருந்தது இந்த வெட்டிய பதிப்புதான். 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பை 2008இல் கவிதாசரண் முழுமையாக மறுபதிப்புச் செய்த பிறகுதான் விடுபட்டது என்ன என்று பலருக்குத் தெரிந்தது. சேர்ப்பது மட்டுமில்லை, விடுவதும் பதிப்பாசிரியரின் அரசியல்தான்.

அப்படியானால் இங்கிலீஷே வேண்டாம் என்று சொல்வதா? இல்லை. அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் வீட்டுச் சமையலறையிலும் குதிரைலாயத்திலும் நின்றுகொண்டே நம் முன்னோர் அந்த மொழியைப் பிடித்தார்கள். பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலையை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் எழுதினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதிக்காரர்களே அதிகாரத்தில் உட்காருவார்கள் என்று லண்டன் பாராளுமன்றத்துக்கே மனு அனுப்பினார். அம்பேத்கர் லண்டனில் படித்தார். வட்டமேசை மாநாட்டில் அவரும் சீனிவாசனும் உட்கார்ந்து பேசியது அந்த மொழியில்தான். இங்கிலீஷ் நமக்கு ஆயுதம். அந்த ஆயுதத்தோடு சேர்த்துக் கொடுத்த பண்ணையார் ரசனையைத்தான் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்று நம்மவர்களும் தொகுப்புகளில் ஏறிவிட்டார்கள். 1992இல் மராத்தி தலித் இலக்கியம் 'நஞ்சூட்டப்பட்ட ரொட்டி' என்ற பெயரில் ஆங்கிலத் தொகுப்பாக வந்தது. அதே வருஷம் தமிழில் 'கருக்கு' வந்தது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வெளியிட்டது யார்? மேக்மில்லன். பொற்களஞ்சியத்தை வெளியிட்ட அதே பெயர். 139 வருஷம் ஆனது வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமத்துப் பறைச்சேரிப் பேச்சு அந்த அட்டைக்குள் போக. 2012இல் தமிழ் தலித் எழுத்துக்கென்று ரவிக்குமாரும் அழகரசனும் தொகுத்த நூலை ஆக்ஸ்போர்டு வெளியிட்டது.

ஏறிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியுமா? 2020 நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருந்த அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' நூலை ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பணிந்து நீக்கியது. சங்கரன்கோவில் பிள்ளைகள் படிக்கும் பாடத்திட்டம் அது. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் தூக்கியது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் போனது. கிரேயை யாரும் தூக்கவில்லை. செத்த ஏழையைப் பாடினால் பாடத்திட்டத்தில் இடம் உண்டு, உயிரோடு இருக்கும் தலித் பெண் பேசினால் கமிட்டி கூடுகிறது.

இதே கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே. நாம் போடும் தொகுப்புகளில் அருந்ததியர் எத்தனை பேர்? புதிரை வண்ணார் குரல் எங்கே? பெண்கள் எத்தனை பேர்? கதிரடித்த டக் தன் பக்கத்தில் கதிர் பொறுக்கிய பெண்ணைப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து மேரி காலியர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. நாமும் டக் மாதிரி இருந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருநாள் கூடி, கிரேயையும் காலியரையும் பாமாவையும் ஒரே பாயில் வைத்துப் படிக்கட்டும். தமிழ் படித்தவர்கள் மொழிபெயர்க்க உதவலாம். சங்கரன்கோவிலைச் சுற்றிய சேரிகளில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் குறைகிறார்கள். கையில் இருக்கும் போனிலேயே பதிவு செய்யலாம். எழுதும்போது ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம். 'பாடியவர்: பெயர் தெரியவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாடியவரின் சம்மதம் கேட்டு, அவர் பெயரும் ஊரும் அவர் பார்த்த வேலையும் பாட்டுக்கு மேலே முதல் வரியில் வரட்டும். தொகுத்தவர் பெயர் கடைசியில் வந்தால் போதும்.